உயிர் பிழைத்தால் போதுமா? குறுகிய உளச்சிகிச்சை வீண் என்பார்க்கு மறுப்பு

தற்கொலைக்கு முயன்று பிழைத்த ஒருவருக்கு உடம்பு தேறியதும் சிகிச்சை முடிந்தது என்றே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற தாலுகா ஊர்களில் இந்த எண்ணம் வழக்கமாகவே ஊறிப்போயிருக்கிறது. அவசரப் பிரிவில் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவு போடுவது, ட்ரிப்ஸ் ஏற்றுவது, இரண்டு மூன்று நாள் வார்டில் வைத்துப் பார்ப்பது, கட்டிலைச் சுற்றி நிற்கும் சொந்தபந்தங்கள் ஆளுக்கொரு புத்திமதி சொல்வது, பிறகு டிஸ்சார்ஜ். அதற்கு மேல் உட்கார்ந்து பேசுவதும், வீட்டுக்குப் போன பின் போன் போட்டு விசாரிப்பதும் மருத்துவத்தில் சேராது என்பது பொதுக் கருத்து. "நாலு வார்த்தை பேசி என்ன ஆகப்போகுது?" என்ற கேள்வியில் அந்தக் கருத்து முழுவதும் அடங்கிவிடும்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஐந்து வாதங்கள் நிற்கின்றன. பேச்சு சிகிச்சை ஆகாது. நடந்ததைக் கிளறக் கூடாது. கடனும் குடியும் தீராமல் மனசைத் தேற்ற முடியாது. இதற்கெல்லாம் மதுரையில்தான் ஆள் உண்டு. ஒருமுறை துணிந்தவர் எப்படியும் மறுபடி செய்வார். அல்லது அவர் செய்தது வெறும் மிரட்டல். இவற்றில் எதுவும் ஆராய்ச்சியின் முன் நிற்பதில்லை. எனினும் ஒவ்வொன்றும் நேர்மையாகப் பதில் சொல்லப்பட வேண்டியது.

முதலில் குறுகிய உளச்சிகிச்சை என்றால் என்ன என்பது தெளிவாக வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சு ஒன்றிலிருந்து மூன்று நான்கு சந்திப்புகள் வரை நீளும் சிகிச்சை இது. மூன்று காரியங்கள் இதில் உண்டு. முயற்சிக்கு முன் நடந்ததைப் பிழைத்தவர் வாயாலேயே சொல்லவைத்துக் கேட்பது. அடுத்த நெருக்கடி வரும்போது என்ன செய்வது என்பதை அவரோடு சேர்ந்து எழுதி அவர் கையில் கொடுப்பது. பிறகு பல மாதங்கள் விடாமல் தொடர்பில் இருப்பது. ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கொன்ராட் மீஷெல், அன்யா கிசின்-மையார் இருவரும் வகுத்த முறையில் மூன்று சந்திப்புகளும், அவற்றுக்குப் பின் இரண்டாண்டுகள் ஆறு கடிதங்களும் உண்டு. அமெரிக்காவில் பார்பரா ஸ்டான்லியும் கிரெகரி பிரவுனும் வகுத்த பாதுகாப்புத் திட்டம் ஒரே அமர்வில் முடிந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறையோ ஒரு மணி நேரப் பேச்சு, அதன் பின் ஒன்பது தொடர்புகள் என்ற அளவில் நிற்கிறது.

பேச்சு சிகிச்சை ஆகாது என்ற முதல் வாதத்துக்கு, மேலே கடைசியாகச் சொன்ன முறையே பதில். உலக சுகாதார நிறுவனம் அதைச் சோதித்தது பணக்கார நாடுகளில் அல்ல. பிரேசிலின் கம்பினாஸ், இந்தியாவின் சென்னை, இலங்கையின் கொழும்பு, ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் ஆகிய ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரைக் குலுக்கல் முறையில் இரு கூறாகப் பிரித்தார்கள். சென்னையில் இந்தப் பணியை முன்னின்று நடத்தியவர் டாக்டர் லட்சுமி விஜயகுமார். 1986-இல் சென்னையில் ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கியவர். ஒரு கூறுக்கு வழக்கமான சிகிச்சை. மறு கூறுக்கு அதோடு, டிஸ்சார்ஜ் ஆகும் தறுவாயில் ஒரு மணி நேரப் பேச்சு. பின் 1, 2, 4, 7, 11-ஆம் வாரங்களிலும் 4, 6, 12, 18-ஆம் மாதங்களிலும் போன் அல்லது நேரில் விசாரிப்பு. முடிவுகள் 2008-இல் அந்நிறுவனத்தின் இதழில் வெளியாயின. பதினெட்டு மாத முடிவில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். பேச்சும் தொடர்பும் பெற்றவர்களில் 0.2 சதவீதம்.

இதை ஒரு தாலுகா மருத்துவமனையின் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். ஒருவருக்கு ஒரு மணி நேரப் பேச்சு. ஒன்பது தொடர்புகளுக்குத் தலா கால் மணி நேரம் என்றால் இரண்டேகால் மணி. ஆக மூன்றேகால் மணி நேரம். அந்த ஆய்வின் வித்தியாசம் இங்கும் அப்படியே கிடைத்தால், ஐம்பது பேரை இப்படிப் பார்த்துக்கொள்ளும்போது ஓர் உயிர் மிஞ்சும். ஐம்பது பேருக்கு ஆகும் நேரம் சுமார் 160 மணி, அதாவது ஒரு நர்ஸின் ஏறத்தாழ ஒரு மாத வேலை. பதினெட்டு மாதத்தில் பரப்பிச் செய்யவேண்டிய இந்த ஒரு மாத வேலையை வீண் என்று சொல்ல எந்தக் கணக்கும் இடம் கொடுக்காது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். பேச்சு வீண் என்பவர்கள் கண்ணெதிரே காணும் பேச்சு, வார்டில் நடக்கும் புத்திமதி. "புள்ளைங்க மூஞ்சியக் கூட நெனச்சுப் பாக்கலையா?" "குடும்ப மானத்தை வாங்கிட்டியே." "எங்களுக்கெல்லாம் கஷ்டம் இல்லையா?" இவை அன்பில் பிறந்தவையே என்றாலும், கேட்பவருக்கு ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன: நீ செய்தது குற்றம். இந்த வகைப் பேச்சால் பயனில்லை என்பது சரி. சிகிச்சையின் பேச்சு இதற்கு நேர்மாறாகத் தொடங்குகிறது. "என்ன நடந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க அக்கா. எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு தோணுதோ அங்க இருந்து சொல்லுங்க." அதன் பின் சிகிச்சையாளரின் வேலை குறுக்கிடாமல் கேட்பது. ஒரு நாளின் எந்தக் கட்டத்தில், எந்தச் சொல்லுக்குப் பின், எந்த நினைப்பு வந்தபோது தாங்க முடியாமல் போனது என்பது அந்தக் கதையில்தான் வெளிப்படும். அடுத்த படிகள் எல்லாம் அந்தக் கட்டத்தைப் பிடித்தே அமைகின்றன.

நடந்ததைக் கிளறக் கூடாது என்பது இரண்டாவது வாதம். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்டால் இல்லாதவருக்கும் அது தோன்றிவிடும் என்ற அச்சம் இதற்கு அடிப்படை. இந்த அச்சம் சோதிக்கப்பட்டிருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வு 2005-இல் வெளியானது. கேள்வி கேட்கப்பட்டவர்களுக்கு மன வேதனையோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே முயன்றவர்கள் போன்ற பலவீனமான நிலையில் இருந்த மாணவர்களுக்கும் அதனால் தீங்கு நேரவில்லை. பிற்காலத் தொகுப்பாய்வுகளும் இதையே சொல்கின்றன. கேட்காமல் விடுவதால் காக்கப்படுவது பிழைத்தவரின் மனசு அல்ல, சுற்றி இருப்பவர்களின் சங்கடம். தெருவுக்கே தெரிந்த ஒன்றை வீட்டுக்குள் யாரும் பேசாமல் இருக்கும்போது, அந்த மௌனத்தைப் பிழைத்தவர் தனக்கான தண்டனையாகவே எடுத்துக்கொள்கிறார்.

மூன்றாவது வாதம் வலுவானது. குழுக் கடன் டியூ செவ்வாய்க்கிழமை வந்தே தீரும். குடித்துவிட்டு வரும் கணவன் நாளையும் குடித்துவிட்டுத்தான் வருவான். பேசினால் வட்டி குறையுமா? 2022-ஆம் ஆண்டுக்கான தேசிய குற்ற ஆவணக் காப்பக அறிக்கை இந்த வாதத்துக்குத் துணை நிற்பது போலத் தோன்றும். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்தார்கள். எண்ணிக்கையில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு 12.4 என்றிருந்த விகிதம் தமிழ்நாட்டில் 25.9. நாடு முழுவதும் இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள். பஞ்சாலையும் விசைத்தறியும் பட்டாசும் சோறு போடும் வட்டாரத்துக்கு இந்த எண்கள் அந்நியமானவை அல்ல.

வறுமையும் கடனும் மருத்துவமனைக்கு வெளியே தீர்க்கப்பட வேண்டியவை என்பதில் மறுப்பில்லை. பொதுத்தேர்வில் தோற்ற மாணவர்கள் அதே ஆண்டில் மறுபடி எழுத வழிவிட்ட தமிழ்நாட்டின் துணைத்தேர்வு ஏற்பாடும், கொடிய பூச்சிமருந்துகளை இலங்கை படிப்படியாகத் தடை செய்ததும் ஆலோசனை அறைக்கு வெளியே எடுக்கப்பட்ட முடிவுகள்தாம். இலங்கையில் 1995-இல் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் அதன் பின் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. ஆனால் இதிலிருந்து, பிரச்சினை தீராமல் ஒருவரைக் காக்க முடியாது என்ற முடிவு வராது. இலங்கைச் சான்று அதற்கு எதிராகவே நிற்கிறது. பூச்சிமருந்துத் தடை யாருடைய கடனையும் அடைக்கவில்லை, யாருடைய குடியையும் நிறுத்தவில்லை. நெருக்கடியின் உச்சத்தில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் செய்தது, அவ்வளவே.

காரணம், நெருக்கடி நீளமானது. அதன் உச்சம் குறுகியது. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில் முயற்சிக்குப் பின் மருத்துவமனைக்கு வந்த 82 பேரிடம் விசாரித்து 2009-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழப் பாதிப் பேர் எண்ணம் எழுந்ததற்கும் முயற்சிக்கும் இடையே பத்து நிமிடமோ அதற்குக் குறைவோதான் இருந்தது என்றார்கள். பத்தாண்டுக் கடன் பத்து நிமிடத்தில் தீராது. பத்து நிமிடத்தைத் தாண்டவைப்பது முடிகிற காரியம். குறுகிய உளச்சிகிச்சை குறிவைப்பது இந்த உச்சத்தைத்தான். அந்த உச்சம் தணிந்த பிறகு கடனுக்கு வழி தேட ஆள் உயிரோடு இருப்பார்.

அந்த உச்சத்தைக் கடக்கும் வழி காகிதத்தில் எப்படி இருக்கும் என்பதைச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்க்கும் பெண்ணைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு காட்டலாம். ஸ்டான்லி-பிரவுன் திட்டத்தில் ஆறு படிகள். முதல் படி, அபாய அறிகுறி: 'குழுக்காரங்க வந்து சத்தம் போட்டுட்டுப் போன ராத்திரி தூக்கம் வராது. நெஞ்சு படபடங்கும். என்னாலதான் எல்லாருக்கும் தொந்தரவுன்னு தோணும்.' இரண்டாம் படி, தனியாகவே செய்யக்கூடியது: முகம் கழுவுவது, பாட்டுப் போடுவது, வாசலில் வந்து உட்காருவது. மூன்றாம் படி, மனசை மாற்றும் ஆளும் இடமும்: மதினி வீடு, ஆண்டாள் கோயில் பிரகாரம். நான்காம் படி, விஷயத்தைச் சொல்லி உதவி கேட்கக்கூடிய இருவரின் பெயரும் போன் நம்பரும். ஐந்தாம் படி, மருத்துவமனை நர்ஸின் நம்பரும், அரசின் இருபத்து நான்கு மணி நேர மனநல உதவி எண் 14416-உம். ஆறாம் படி, வீட்டில் ஆபத்தான பொருள் எதுவும் கைக்கெட்டும் இடத்தில் இல்லாமல் செய்வது. அதை யார் எடுத்து வைத்துக்கொள்வது என்பதையும் பெயரோடு எழுதுவது.

ஒவ்வொரு வரியும் அவர் சொன்ன சொல்லிலேயே இருக்க வேண்டும். 'எதிர்மறை எண்ணங்கள் ஏற்படும்போது' என்று எழுதிக் கொடுத்தால், படபடக்கும் நெஞ்சோடு அதைப் படிப்பவருக்குத் தன்னைப் பற்றியது என்றே தோன்றாது. எந்தப் படி நடக்காது என்றும் அப்போதே கேட்க வேண்டும். "மதினி வீட்டுக்கு ராத்திரி போக முடியாது சிஸ்டர்" என்று அவர் சொன்னால் அந்த வரியை அடித்துவிட்டு, போனில் பேசுவது என்று மாற்ற வேண்டும். இப்படிப்பட்ட திட்டத்தோடு தொடர் போன் விசாரிப்பும் சேர்ந்தபோது, அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கு வந்தவர்களிடம் அடுத்த ஆறு மாதங்களில் தற்கொலை நடத்தைகள் 5.29 சதவீதத்துக்குப் பதிலாக 3.03 சதவீதமாக இருந்தன. இந்த ஒப்பீடு 2018-இல் வெளியானது.

இதற்கெல்லாம் மதுரைக்குத்தான் போக வேண்டும் என்பது நான்காவது வாதம். மனநல மருத்துவர் பற்றாக்குறை உண்மை. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒருவர்கூட இல்லை. அந்தக் காரணத்தாலேயே இந்தச் சிகிச்சையை அவர்களுக்காகக் காத்திருக்கவைக்க முடியாது. ஐந்து இட ஆய்வில் பேச்சையும் விசாரிப்பையும் மருத்துவர்களோடு நர்ஸ்களும் உளவியலாளர்களும் செய்தார்கள். கோவாவில் விக்ரம் படேல் குழுவினர், மனநலப் படிப்பு இல்லாத உள்ளூர் ஆட்களைப் பயிற்றுவித்து, கடும் மனச்சோர்வுக்கு ஆறு முதல் எட்டு சந்திப்புகள் கொண்ட ஆலோசனை கொடுக்கவைத்தார்கள். அது பலன் தந்தது என்பது 2017-இல் வெளியான ஆய்வின் முடிவு. மனநல மருத்துவர் தேவைப்படும் நோயாளிகள் உண்டு. மனச்சிதைவு, கடும் மனச்சோர்வு, தீராத குடிநோய், விடாமல் தொடரும் சாகும் எண்ணம் உள்ளவர்களை அனுப்பத்தான் வேண்டும். ஆனால் எல்லோருக்கும் 'மதுரைக்குப் போங்க' என்று சீட்டு எழுதுவது சிகிச்சை அல்ல. எண்பது கிலோமீட்டர் அளவு தூரம், ஒரு நாள் கூலி, கூட வர ஓர் ஆள், 'எதுக்குப் போறீங்க' என்று கேட்கும் பக்கத்து வீடு என இத்தனையும் தாண்டி அந்தச் சீட்டு ஓ.பி. வாசலைச் சேர்வது அரிது. எலும்பு முறிந்தவருக்குக் கட்டுப் போட்டுவிட்டு, கட்டுப் பிரிப்பதற்கு மட்டும் வேறு மாவட்டத்துக்குப் போகச் சொல்வதில்லை.

ஐந்தாவது வாதம் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு பாதிகளைக் கொண்டது. துணிந்தவர் மறுபடி செய்தே தீருவார் என்பது ஒரு பாதி. முந்தைய முயற்சியே மிகப் பெரிய அபாய அறிகுறி என்பது உண்மைதான். ஆயினும் தொகுப்பாய்வுகளின்படி தற்கொலை முயற்சியாலோ தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டோ மருத்துவமனைக்கு வந்தவர்களில் ஓராண்டுக்குள் மீண்டும் அதே காரணத்துக்காக வருபவர்கள் சுமார் 16 சதவீதம். தற்கொலையால் இறப்பவர்கள் 2 சதவீதத்தை ஒட்டிய அளவே. மிகப் பெரும்பாலோர் பிழைத்து வாழ்கிறார்கள். விதி என்று கைவிட இதில் இடமே இல்லை. அது வெறும் மிரட்டல் என்பது மறு பாதி. அந்த 2 சதவீதமும் பொதுமக்களிடையே உள்ள விகிதத்தைப் போலப் பல மடங்கு. மிரட்டல் என்று ஒதுக்கப்பட்டவர்களும் அதற்குள் இருக்கிறார்கள். அந்த 2 சதவீதத்தில் சேரப்போகிறவர் எவர் என்று கட்டிலில் இருப்பவரைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால்தான் எல்லோருக்கும் இந்தப் பேச்சும் தொடர்பும் தேவைப்படுகின்றன.

வீட்டாரின் அச்சம் சட்டத்தின் பக்கமாகவும் திரும்புகிறது. மாவட்ட நீதிமன்றம் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் போலீஸ், கேஸ் என்ற சொற்களுக்குக் கூடுதல் கனம் உண்டு. அந்த அச்சத்தால் 'தெரியாம நடந்துபோச்சு' என்று வார்டில் சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு சொல்லால் பிழைத்தவர் சிகிச்சையின் கண்ணிலிருந்தே மறைந்துவிடுகிறார். நடப்புச் சட்டம் அஞ்சப்படுவதற்கு நேர் எதிரானது. 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 115-ஆம் பிரிவு, வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309-ஆம் பிரிவு இல்லை. அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாமல் தடுக்கும் அல்லது வற்புறுத்தும் நோக்கத்தோடு தற்கொலைக்கு முயல்வது மட்டும் 226-ஆம் பிரிவில் குற்றம். 115-ஆம் பிரிவின் இரண்டாம் பகுதி இன்னும் முக்கியமானது. மறுபடி முயலும் அபாயத்தைக் குறைக்க அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது அது. உடம்பைத் தேற்றி அனுப்பினால் போதும் என்ற வழக்கம் இந்தப் பிரிவோடு ஒத்துப்போகாது.

மறுப்பு முழுமை பெற வேண்டுமானால் சான்றின் எல்லையும் சொல்லப்பட வேண்டும். ஐந்து இட ஆய்வில் இறப்பு குறைந்ததே தவிர, மறுமுயற்சி குறையவில்லை, 7.6, 7.5 சதவீதம் என இரு கூறிலும் ஏறத்தாழ ஒன்றே. பெர்ன் ஆய்வில் 120 பேரில் மறுமுயற்சிகள் 41-க்கு எதிராக 5 என்று குறைந்தன. ஆனால் அதே முறையை ஹெல்சிங்கியில் நெருக்கடி ஆலோசனையோடு ஒப்பிட்டபோது வித்தியாசம் கிடைக்கவில்லை. எந்த முறை உயர்ந்தது என்ற போட்டி முடியவில்லை என்பதைத்தான் இவை சொல்கின்றன. ஹெல்சிங்கியில் எதிர்க்கூறில் இருந்தவர்களுக்கும் முறையான ஆலோசனை கிடைத்தது. ஒன்றுமே பேசாமல் அனுப்பப்பட்டவர்கள் அல்ல அவர்கள். பேசாமல் அனுப்புவதே மேல் என்பதற்கு இந்த ஆய்வுகளில் எதுவும் துணை நிற்கவில்லை.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊர்களிலும் இந்தச் சிகிச்சைக்குத் தேவைப்படுபவை சில. பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ். சொந்தக்காரர்கள் காதில் விழாமல் ஒரு மணி நேரம் பேச ஓர் அறை. ஒன்பது தேதிகள் குறித்த ஒரு பதிவேடு. மருத்துவமனைக்குச் சொந்தமான ஒரு செல்போன். விசாரிப்பை யார் செய்வது என்பதில் கவனம் வேண்டும். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது. அதைக் கொண்டுவரும் தன்னார்வலரையே அனுப்பலாமே என்று தோன்றும். ஆனால் அவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர். அவர் வாசலில் நின்றால் தெரு விசாரிக்கும். ஆகவே முதல் தெரிவு மருத்துவமனை நர்ஸின் போன். அந்தப் போனை எடுப்பது கணவனாகவோ மாமியாராகவோ இருக்கக்கூடும் என்பதால், "எந்த ஷிப்ட்டு, எந்த நேரத்துல கூப்பிட்டா நீங்களே எடுப்பீங்க?" என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று தடவை எடுக்காவிட்டால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்பதையும் அவர் சம்மதத்தோடு முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் வரும் நாளில், நர்ஸ் தன் பதிவேட்டைக் காட்டி, கவலை தரும் பெயர்களை அவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிய கட்டடமோ புதிய மருந்தோ தேவையில்லை. பேச்சும் தொடர்பும் வீண் என்பவர்கள் இதுவரை எந்தச் சான்றும் காட்டாமல் வென்றுவந்திருக்கிறார்கள். எதுவும் செய்யாததற்கு யாரும் கணக்குக் கேட்காததே காரணம். 2.2, 0.2 என்ற இரண்டு எண்கள் வெளியான பிறகு, சான்று காட்டவேண்டிய கடமை அவர்களுடையது.